சீசன் தப்பிப் போனால் கடலுக்கடியில் என்ன தெரியும்?

ஆகஸ்ட் மாதம் இலங்கையின் தென்மேற்குக் கரையில், ஹிக்கடுவையில் போய் இறங்குங்கள். அறை வாடகை குறைவாக இருக்கும், கடற்கரையில் கூட்டம் இருக்காது, கடல் டீக்கடைப் பால் டீ நிறத்தில் கிடக்கும். மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு தலையை உள்ளே விட்டால், நீட்டிய கையின் விரல்கள் மங்கலாகத் தெரிந்தாலே பெரிய விஷயம். அதே நாளில் தீவின் மறுபக்கம், திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளியில், இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பவர் தன் கால் நகத்தைப் பார்க்கலாம். ஜனவரிக்கு வந்தால் இரண்டு ஊர்களும் அப்படியே இடம் மாறிக்கொள்ளும்.

பயண ஏஜென்ட் 'ஆஃப் சீசன்' என்று சொல்லும்போது மழை, கூட்டம், விடுமுறை மூன்றையும் சேர்த்துக் குழப்பிச் சொல்கிறார். தண்ணீருக்கடியில் பார்க்கப் போகிறவருக்கு அந்தச் சொல்லின் பொருள் இதைவிடச் சின்னது: காற்று அந்தக் கரையின் முகத்தில் அடிக்கிறதா, முதுகில் அடிக்கிறதா? முகத்தில் அடித்தால் அலை, கலங்கல், படகு போகாது. முதுகில் அடித்தால் தண்ணீர் தெளியும். மழை பெய்தாலும் கூட ஓரளவுக்குத் தெளிவாகவே இருக்கும். ஆகவே சீசனைத் தேடும்போது மாதத்தோடு கரையையும் சேர்த்துத் தேட வேண்டும்.

எந்தக் காற்று, எந்தக் கரை

தென்மேற்குப் பருவக்காற்று மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை. கரையோர மக்கள் இதைச் சோளகம் என்பார்கள். இது ஹிக்கடுவை, உனவட்டுன, கற்பிட்டி ஆகிய இடங்களை நேரே தாக்குகிறது. கிழக்குக் கரைக்கு வருவதற்குள் தீவையே கடந்து வந்துவிடுவதால், நிலாவெளி, பாசிக்குடா, மட்டக்களப்புப் பக்கம் அது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் சூடான காற்றாக மாறிவிடும். அங்கே மேலைக் காற்றுக்குக் கச்சான் என்று பெயர். (தமிழகத்திலிருந்து போகிறவர்கள் கவனிக்க: அதே ஊரில் கடையில் கச்சான் கேட்டால் நிலக்கடலை தருவார்கள்.) டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று, அதாவது வாடை. அப்போது அடி வாங்குவது கிழக்குக் கரை. தென்மேற்கும் கற்பிட்டியும் அமைதியாகும்.

நடைமுறையில் ஹிக்கடுவை, உனவட்டுன, கற்பிட்டிக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை, கிழக்குக்கு மே முதல் செப்டம்பர் வரை என்று வைத்துக்கொள்ளலாம். பல டைவ் கடைக்காரர்கள் இதற்கேற்ப, காற்று நிரப்பும் கம்ப்ரெஸரையும் சிலிண்டர்களையும் லாரியில் ஏற்றிக்கொண்டு கரை மாறுகிறார்கள். சீசன் முடிந்த கரையில் திறந்திருக்கும் கடை எது, ஏன் திறந்திருக்கிறது என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம்தான். அதற்குப் பிறகு வருவோம்.

இரண்டு காற்றுகளும் ஓய்ந்திருக்கும் இடைவெளிகள் உண்டு. மார்ச், ஏப்ரலில் கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடக்கும் நாட்கள் இரண்டு கரையிலும் கிடைக்கும். மன்னார் வளைகுடாவின் பழைய முத்துக்குளிப்புகள் பெரும்பாலும் இந்த மாதங்களில் நடந்ததற்குக் காரணம் இந்த அமைதிதான். மூச்சை அடக்கிக்கொண்டு கல்லைப் பிடித்து இறங்கியவர்களுக்குக் கலங்கல் நீர் வருமானத்தையே கெடுக்கும். அக்டோபர், நவம்பரிலும் காற்று திரும்பும் இடைவெளி வரும். ஆனால் அது வங்காள விரிகுடாவின் புயல் காலம், மார்ச்சைப் போல நம்ப முடியாது.

இதே கணக்கை வேறு இடங்களுக்கும் போடலாம். அந்தமானில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மந்தம். லட்சத்தீவில் அக்டோபர் நடுவிலிருந்து மே நடு வரை நல்ல காலம். மாலத்தீவில் கதை தலைகீழ். அங்கே தென்மேற்குப் பருவக்காற்றில் தண்ணீர் கலங்குவது மிதவையுயிர்கள் பெருகுவதால். அவற்றைத் தின்ன மாண்டா திருக்கைகள் கூட்டமாக வருகின்றன. பா பவளத்தீவுக் கூட்டத்திலுள்ள ஹனிஃபாரு வளைகுடாவில் மாண்டாவைப் பார்க்க வேண்டுமானால் இந்த 'ஆஃப் சீசனில்'தான் போக வேண்டும். அங்கே ஸ்கூபாவுக்கு (காற்றுச் சிலிண்டரோடு மூழ்குவது) தடை, ஸ்நோர்கெலிங் (குழாயில் மூச்சுவிட்டபடி மேலே மிதந்து பார்ப்பது) மட்டும். என்ன பார்க்கப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் 'நல்ல சீசன் எது' என்று கேட்பதில் பயனில்லை.

தண்ணீர் ஏன் கலங்குகிறது

மூன்று காரணங்கள்: அலை அடிமணலைக் கிளப்புவது, ஆறும் வாய்க்காலும் கொண்டுவரும் சேறு, மிதவையுயிர்ப் பெருக்கம். முதலாவதே முக்கியம். அதைப் புரிந்துகொண்டால் வானிலைச் செயலியில் வரும் எண்களுக்கு அர்த்தம் கிடைத்துவிடும்.

அலை என்பது மேலே மட்டும் நடப்பதாகத் தோன்றும். உண்மையில் ஒவ்வோர் அலையும் தனக்குக் கீழே உள்ள நீரையும் வட்டமாக ஆட்டுகிறது. அந்த ஆட்டம் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதை அலையின் உயரத்தைவிட, ஓர் அலை முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே ஆகும் நேரம்தான் தீர்மானிக்கிறது. இதை அலைக்காலம் என்போம். ஆழ்நீரில் அலையின் நீளம் கிடைக்க, அலைக்காலத்தை அதே எண்ணால் பெருக்கி 1.56-ஆல் பெருக்க வேண்டும். 4 விநாடி அலை என்றால் சுமார் 25 மீட்டர் நீளம். 12 விநாடி அலை என்றால் சுமார் 225 மீட்டர். நீளத்தில் பாதி ஆழம் வரை ஆட்டம் எட்டும்.

இரண்டு அலைகளும் ஒரே மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மீட்டர் ஆழத்தில் 4 விநாடி அலை நீரை 8 சென்டிமீட்டர் அளவுக்கே அசைக்கும். படகில் வயிற்றைப் புரட்டும், கீழே போனால் அமைதி. 12 விநாடி அலையோ அதே ஆழத்தில் 70 சென்டிமீட்டருக்கு மேல் முன்னும் பின்னும் தள்ளும். மேலே பார்த்தால் பெரிய கொந்தளிப்பே இருக்காது, மெதுவான ஏற்ற இறக்கம்தான். கீழே மணல் மேகமாக எழும். புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான். 'கடல் அமைதியாத்தான் இருக்கு' என்று கரையில் நின்று சொல்லப்படும் வாக்கியத்துக்கு எந்த மதிப்பும் இல்லை.

காற்றே இல்லாத நாளிலும் இந்த நீண்ட அலை வரும். பல ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே, தென்பெருங்கடலில் அடித்த புயலின் அலை சில நாட்கள் பயணம் செய்து கேரளம், கன்னியாகுமரிக் கரைகளில் வந்து ஏறுகிறது. கேரளத்து மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்று அழைத்தார்கள். அறிவிக்காமல் திருடன் போல வருவதால் வந்த பெயர். இப்போது ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல் தகவல் மையமான இன்காய்ஸும் அதே பெயரில் எச்சரிக்கை விடுகிறது. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேரை அலை இழுத்துக்கொண்டு போனது இப்படியொரு எச்சரிக்கை இருந்த நாளில்தான். அவர்கள் டைவிங் போகவில்லை, கால் நனைக்கத்தான் இறங்கினார்கள்.

அலை அடங்கியதும் தண்ணீர் உடனே தெளிந்துவிடுமா? கிளம்பியது எந்த அளவு துகள் என்பதைப் பொறுத்தது. 0.1 மில்லிமீட்டர் மணல் துகள் 10 மீட்டர் கீழே இறங்க 20 நிமிடம் போதும். 0.01 மில்லிமீட்டர் வண்டல் துகளுக்கு அதே தூரம் இறங்க ஒன்றரை நாள் ஆகும். களிமண் அதைவிட எத்தனையோ மடங்கு. அதனால் பவளமணல் கரையில் அலை நின்ற மறுநாளே தெளிவு திரும்பிவிடும். ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய கரையில் மூன்று நான்கு நாள் காத்திருந்தாலும் பச்சை மங்கல் போகாது. சீசன் தப்பிப் போகிறவர்கள் ஆறு சேராத கரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது இதனால்தான்.

பெருமழைக்குப் பிறகு ஊரை ஒட்டிய கரையில் குறைந்தது மூன்று நாள் இறங்க வேண்டாம். கலங்கலைவிட, சாக்கடைக் கிருமிகள் காது, கண், வயிறு மூன்றையும் பதம் பார்க்கும் என்பது காரணம். மழைநீர் கடல்நீருக்கு மேலே ஒரு மெல்லிய படலமாக நிற்பதும் உண்டு. அந்தச் சந்திப்பில் முகத்தை வைத்தால் சர்க்கரைப்பாகு கரையும் தண்ணீரைப் பார்ப்பது போல எல்லாம் நெளியும். மாஸ்க்கில் கோளாறு என்று நினைத்துக் கழற்றித் துடைக்காதீர்கள். ஒரு மீட்டர் கீழே போனால் சரியாகிவிடும்.

முன்னறிவிப்பை வாசிப்பது

செயலியில் நான்கு எண்களைப் பாருங்கள்: காற்றின் திசை, காற்றின் வேகம், அலை உயரம், அலைக்காலம். மழைப் படத்தைக் கடைசியில் பார்த்தால் போதும். புதியவருக்கு எங்கள் அளவுகோல் கொஞ்சம் கறாரானது. காற்றின் வேகம் 10 நாட் (knot, கடலில் வேகத்தை அளக்கும் அலகு), அதாவது மணிக்கு சுமார் 18 கிலோமீட்டருக்குள் இருந்தால் ஸ்நோர்கெலிங் சுகம். 15 நாட் வேகத்தைத் தாண்டினால் குழாயில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும், பார்ப்பதைவிடத் துப்புவதே வேலையாகிவிடும். அலை அரை மீட்டருக்குள் இருந்தால் பாரின் (கடலடிப் பாறைத் திட்டு) மேல் நீந்தலாம். ஒரு மீட்டர் அலை 10 விநாடிக்கு மேல் இடைவெளியில் வந்தால் ஆழமில்லாத பவளப்பாறைப் பக்கமே போகாதீர்கள். அது உங்களைத் தூக்கிப் பாறையில் வைக்கும்.

எந்தப் பருவத்திலும் காலை நேரம் சிறந்தது. நிலம் சூடேறி முன்பகலில் கடற்காற்று எழும் வரை நீர்ப்பரப்பு தட்டையாக இருக்கும். ஆஃப் சீசனில் 'சிறந்தது' என்பது மாறி 'கிடைக்கும் ஒரே நேரம்' ஆகிவிடும். ஆறரைக்குப் படகு, ஒன்பதரைக்குக் கரை. ஹோட்டல் காலை உணவைத் தியாகம் செய்ய மனமில்லாதவர்களுக்கு இந்த விடுமுறை ஒத்துவராது.

கிழக்குக் கரையில் ஜூலை, ஆகஸ்டுக்கு மட்டும் உரிய ஓர் ஆபத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நிலத்திலிருந்து வீசும் கச்சான் கடலைத் தட்டையாக்கி அழகாக வைத்திருக்கும். அதே காற்றுதான் மேலே மிதப்பவரை மெல்ல வெளிக்கடலுக்குத் தள்ளும். கரையில் நிற்பவருக்கு அலையே தெரியாது. நீந்துபவரோ மீன் பார்த்துக்கொண்டே 200 மீட்டர் போயிருப்பார். திரும்பும்போதுதான் காற்று முகத்தில் அடிப்பது உறைக்கும். காற்று கடலை நோக்கி அடிக்கும் நாளில், சின்னக் காற்றடைத்த மெத்தை, வளையம் எதையும் எடுத்துக்கொண்டு இறங்காதீர்கள். அவை பாய்மரம் போலவே வேலை செய்யும்.

ஸ்நோர்கெலிங்: முதலில் எதிர்த்து, பிறகு கூடவே

நீரோட்டத்தை அளக்கக் கருவி வேண்டாம். நங்கூரம் போட்ட படகின் முனையில் ஒரு தென்னங்கீற்றுத் துண்டைப் போடுங்கள். 6 மீட்டர் படகை அது 12 விநாடியில் கடந்தால் வேகம் சுமார் ஒரு நாட், நிமிடத்துக்கு 30 மீட்டர். ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) போட்டிருந்தாலும் புதியவர் இதை எதிர்த்து ஐந்து நிமிடத்துக்கு மேல் நீந்த முடியாது. 25 விநாடி ஆனால் சமாளிக்கலாம். இறங்கியதும் முதல் பாதியை நீரோட்டத்துக்கும் காற்றுக்கும் எதிராகப் போங்கள். களைப்பு தட்டும் முன்பே திரும்பினால், மீதிப் பாதியைக் கடலே கொண்டுவந்து விடும். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்து படகைக் கையசைத்துக் கூப்பிடுகிறார்கள்.

அலை இருக்கும் நாளில் குழாயைக் காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்படி மாற்றிக்கொள்ளுங்கள். தண்ணீர் ஏறினால் 'டூ' என்று ஒரே வேகத்தில் ஊதித் தள்ள வேண்டும். அதற்கு நெஞ்சில் கொஞ்சம் காற்று மிச்சம் இருக்க வேண்டும். ஆகவே முழுசாக வெளியே விட்டுவிட்டு அடுத்த மூச்சை இழுக்கும் பழக்கத்தைக் கரையிலேயே விட்டுவிடுங்கள். நுனியில் வால்வு உள்ள 'டிரை டாப்' குழாய் என்றால், வாடகைக்கு எடுக்கும்போது வால்வைக் கவிழ்த்து நிமிர்த்திப் பாருங்கள். உள்ளே இருக்கும் மிதவை 'டக்' என்று விழ வேண்டும். மாதக்கணக்கில் மூலையில் கிடந்த குழாய்களில் மணலும் உப்பும் சேர்ந்து அது ஒட்டிக்கொண்டிருக்கும். மூடிய நிலையில் ஒட்டினால் மூச்சே வராது.

புறாத்தீவில் இதையெல்லாம் பழகலாம். உள்ளூரில் புறாமலை என்பார்கள். நிலாவெளிக் கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டரில் பெரிய தீவு, சின்னத் தீவு என்று இரண்டு. 2003-இல் தேசியப் பூங்காவானது. பவளம் கரையை ஒட்டியே தொடங்குவதால் நிற்க இடம் தேடிக் காலை ஊன்றத் தோன்றும். ஊன்றாதீர்கள். பவளத்தில் கீறிய காயம் மழைக்காலத்தில் சீக்கிரம் ஆறாது. கருமுனைத் துடுப்புச் சுறாக்கள் காலை நேரத்தில் ஆழமில்லாத பக்கமே சுற்றும். அவை உங்களைக் கண்டால் விலகிவிடும். இலங்கையில் கடல் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் நேரம் பார்க்கும் தலைவலி இல்லை. அந்தமானில் கடல் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே 2 மீட்டர் வரை வித்தியாசம் வரும். அங்கே வற்றில் போனால் பாரின் மேல் வயிறு உரசும்.

ஹிக்கடுவைக்கு ஒரு சொல். பழைய படங்களில் கண்ட பவளத்தோட்டத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள், சீசனிலும்கூட. 1998-இல் கடல் சூடேறி நிகழ்ந்த வெளிறலில் அங்குள்ள பவளத்தின் பெரும்பகுதி செத்தது. மீன்களும் ஆமைகளும் இருக்கின்றன.

ஸ்கூபா: காற்றுக் கணக்கு

கலங்கல் நீரில் என்ன மாறும் என்பதைச் சிலிண்டரை வைத்தே சொல்லிவிடலாம். வழக்கமான அலுமினிய டேங்க்கின் கொள்ளளவு சுமார் 11 லிட்டர். 200 பார் (காற்றழுத்த அலகு) அழுத்தத்தில் நிரப்பினால் உள்ளே இருப்பது 2,200 லிட்டர் காற்று. 50 பார் மிச்சம் வைத்து மேலே வர வேண்டும் என்பதால் செலவழிக்கக் கிடைப்பது 1,650 லிட்டர். பதற்றமில்லாத புதியவர் மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பார். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்கு என்பதால் அது 40 லிட்டர். ஆக 41 நிமிடம். அதே ஆளை ஆட்டமும் மங்கலும் உள்ள நீரில் விடுங்கள்: மூச்சு வேகமெடுத்து மேற்பரப்பு அளவு 30 லிட்டராகும், ஆழத்தில் 60. 27 நிமிடத்தில் கதை முடிந்தது. ஆகவே ஆஃப் சீசனில் கடைக்காரர் 'முக்கால் மணி நேரம்' என்று விளம்பரம் செய்தாலும் உங்கள் கணக்கு அரை மணி நேரம்தான். சிலிண்டரின் அழுத்தம் காட்டும் முள்ளை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பாருங்கள்.

அடியில் நீர் முன்னும் பின்னும் ஆட்டும்போது எதிர்த்து உதைப்பதுதான் காற்றை விழுங்கும் முதல் தவறு. ஊஞ்சலில் உட்கார்ந்திருப்பது போல இருங்கள். உங்கள் திசைக்குத் தள்ளும்போது இரண்டு உதை, பின்னுக்கு இழுக்கும்போது சும்மா இருப்பது. பாறையிலிருந்து மற்ற நாட்களைவிட இரண்டு மடங்கு தள்ளி நிற்க வேண்டும். தலைக்கு மேல் பாறை உள்ள இடுக்குகளுக்குள் போகவே கூடாது.

உடன் வருபவரைக் காணவில்லை என்றால் விதி எளிது. ஒரு நிமிடம் சுற்றிப் பாருங்கள், பிறகு மெதுவாக மேலே வாருங்கள், அவரும் வருவார். ஐந்து மீட்டருக்குக் கீழ்ப்பட்ட தெளிவில் இது அடிக்கடி நடக்கும். இறங்கும் முன்பே படகில் உட்கார்ந்து இதைப் பேசிக்கொள்ள வேண்டும். முதன்முதலாக முயன்று பார்க்கும் டைவுக்கு 12 மீட்டரே உச்சம். அதுவும் மங்கலில் ஒரு பயிற்சியாளருக்கு இரண்டு பேருக்கு மேல் இருந்தால் அந்தப் படகில் ஏறாதீர்கள். ஓபன் வாட்டர் (டைவிங்கின் முதல்நிலைப் படிப்பு) சான்றிதழ் உள்ளவருக்கு 18 மீட்டர். மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் 50 மீட்டருக்கும் ஆழத்தில் கிடக்கிறது. எந்தச் சீசனிலும் புதியவருக்கு அதில் வேலையில்லை.

சாமான்கள்தான் ஆஃப் சீசனில் உண்மையாகக் கெட்டுப்போகும் விஷயம். மாதக்கணக்கில் ஓடாத கம்ப்ரெஸர், ஈரத்தில் தொங்கிய ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி). சிலிண்டரைத் திறக்கும் முன் ரெகுலேட்டரை வாயில் வைத்து உறிஞ்சிப் பாருங்கள். ஒன்றும் வரக்கூடாது. வந்தால் எங்கோ கிழிசல், தண்ணீரும் அந்த வழியே வரும். கரப்பான் குட்டி எட்டிப் பார்ப்பதும் இந்தக் கட்டத்தில்தான், சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அடுத்து வால்வை முழுக்கத் திறந்து, அழுத்த முள்ளைப் பார்த்தபடியே நாலைந்து மூச்சு ஆழமாக இழுங்கள். முள் அசையாமல் நிற்க வேண்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் விழுந்து எழுந்தால் வால்வு சரியாகத் திறக்கவில்லை. மேலே அது மூச்சு தரும், ஆழத்தில் தராது. காற்றை முகர்ந்து பாருங்கள். எண்ணெய் வாடையோ வண்டிப் புகை வாடையோ இருந்தால் அந்த டேங்க் வேண்டாம். ஜெனரேட்டர் புகைபோக்கிக்குப் பக்கத்தில் கம்ப்ரெஸரின் மூக்கு இருந்திருக்கும். புகையோடு வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாடை கிடையாது, ஆளைக் கொல்லும்.

பிசிடியை (BCD, மிதப்பைக் கட்டுப்படுத்தும் காற்றுச் சட்டை) முழுக்க ஊதி ஐந்து நிமிடம் விடுங்கள், இறங்கக் கூடாது. ஊதும் பொத்தானை விட்டதும் காற்று நிற்க வேண்டும். உப்பு பிடித்த பொத்தான் சிக்கிக்கொண்டால் அது உங்களைப் பலூன் போல மேலே இழுத்துச் செல்லும். சிக்கினால் குழாய் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும்; எப்படிக் கழற்றுவது என்று கரையில் ஒரு முறை செய்து பாருங்கள்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியது

'கடல் எப்படி இருக்கும்?' என்று கேட்டால் 'சூப்பரா இருக்கும்' என்றுதான் பதில் வரும். 'நேத்து போனீங்களா? எத்தனை மீட்டர் தெரிஞ்சுது? யாராவது பாதியிலேயே திரும்பினாங்களா?' என்று கேளுங்கள். நேற்று போகாதவர் இன்றைக்கு மட்டும் ஏன் போகிறார் என்பதற்குக் காரணம் சொல்லத் தெரிய வேண்டும். படகில் ஆக்ஸிஜன் இருக்கிறதா, எடுத்துக் காட்ட முடியுமா, அருகில் அழுத்த அறை (டைவுக்குப் பின் உடலில் குமிழ் உண்டானவருக்குச் சிகிச்சை தரும் அறை) எங்கே இருக்கிறது, அங்கே போக எவ்வளவு நேரம்? பணம் கட்டும் முன்பே இன்னொன்று: கடல் சரியில்லை என்று அவர்கள் ரத்து செய்தால் முழுத் தொகையும் திரும்புமா, நீங்கள் படகில் ஏறிய பிறகு 'வேண்டாம்' என்றால் என்ன? ரத்து செய்யத் தயங்கும் கடையைவிட, அடிக்கடி ரத்து செய்யும் கடை நல்ல கடை.

ஐந்து நாள் விடுமுறையில் ஒரு நாள் போதும் என்று முதல் நாளுக்கே முன்பதிவு செய்து பிறகு ஏமாறுவதைவிட, ஐந்து நாளையும் காலியாக வைத்து, கடல் திறக்கும் நாளில் போவது மேல். டைவ் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு வேறொரு வழியும் உண்டு. ஓபன் வாட்டர் படிப்பில் பாடமும் நீச்சல்குளப் பயிற்சிகளும் கடலுக்குப் போகாமலே முடிக்கக்கூடியவை. அவற்றை ஊரிலேயே முடித்து ரெஃபரல் படிவம் வாங்கிக்கொண்டால், பாடி (PADI) என்ற டைவ் பயிற்சி அமைப்பின் விதிப்படி 12 மாதத்துக்குள் வேறு ஊரில் கடலில் நான்கு டைவ் செய்து முடிக்கலாம். ஆஃப் சீசனில் குளம், சீசனில் கடல்.

சளி பிடித்திருந்தால் இறங்காதீர்கள். மழைக்காலப் பயணத்தில் பாதிப் பேருக்கு மூக்கடைப்பு இருக்கும். அதை மாத்திரை போட்டுத் திறந்துகொண்டு இறங்குகிறவர்கள் உண்டு. மாத்திரையின் பலம் ஆழத்தில் தீர்ந்தால் மேலே வரும்போது சைனஸில் காற்று மாட்டிக்கொள்ளும். வலியும் மூக்கில் ரத்தமும் வரலாம். கடல்நோய் மாத்திரை வேறு. அதை முந்தின நாளே கரையில் ஒரு முறை போட்டுப் பாருங்கள். தூக்கம் தள்ளினால் டைவுக்கு அது ஆகாது. தண்ணீருக்கடியில் வாந்தி வந்தால் ரெகுலேட்டரை வாயிலேயே பிடித்துக்கொண்டு எடுக்கலாம், அது வெளியே தள்ளிவிடும். கழற்றினால் அடுத்த மூச்சில் தண்ணீர்தான் வரும்.

காற்று கரையை நோக்கி அடிக்கும் நாட்களில் சொறிமீன்கள் ஒதுங்கும். முழுக்கை ராஷ்கார்டும் (உடலை ஒட்டிய நீச்சல் சட்டை) முழுக்கால் உடையும் பாதித் தொல்லையைத் தீர்க்கும். பட்டுவிட்டால் தேய்க்காமல், நல்ல தண்ணீர் ஊற்றாமல், கடல்நீரால் அலசி, தாங்கும் சூட்டில் வெந்நீர் ஒற்றுங்கள். மூச்சுத் திணறல் வந்தால் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

கடைசியாக, இலங்கைப் பயணத் திட்டங்களில் வழக்கமாக ஒளிந்திருக்கும் தவறு. கடல் சரியில்லை, கிடைத்த ஒரு காலையில் இரண்டு டைவ் முடித்துவிட்டு, மத்தியானமே வேனில் ஏறி நுவரெலியாவுக்குப் புறப்படுகிறார்கள். விமானம் ஏறுவதற்கு முன் ஒரே டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் விட வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். மலை ஏறுவதும் அதே கதைதான் என்பது தெரியாது. நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீட்டர் உயரம். ரத்தத்தில் கரைந்த நைட்ரஜனுக்கு நீங்கள் விமானத்தில் ஏறினீர்களா வேனில் ஏறினீர்களா என்ற வித்தியாசம் கிடையாது, வெளியே அழுத்தம் குறைந்தால் குமிழாகும். மூட்டு வலி, அசாதாரணக் களைப்பு, கைகால் மரத்துப்போதல் என்று ஹோட்டல் அறையில் தொடங்கும். அப்போது பக்கத்தில் அழுத்த அறை இருக்காது. திட்டத்தைத் திருப்பிப் போடுங்கள்: முதலில் மலை, பிறகு கடல், கடைசி ஒரு நாள் கரையிலேயே படுத்துக் கிடப்பது.